இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு: வன்னி வீடுகளுக்கான பல் பராமரிப்பு வழிகாட்டி

வன்னியில் பல் தீட்டுவது விடியற்காலை வேலை. எழும்பியதும் கிணற்றடிக்குப் போய், பிரஷோ வேப்பங்குச்சியோ உமிக்கரியோ கைக்கு வந்ததை எடுத்து, முதல் தேத்தண்ணிக்கு முன்னரே முடித்துவிடுவோம். காலையில் தீட்டுவது நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் பல்லைச் சூத்தையிலிருந்து காப்பாற்றுவது பெரும்பாலும் இரவுத் தீட்டல்தான். இரவில், கடைசியாக வாயில் ஏதாவது போட்ட பிறகு, பாயில் சரிய முன் தீட்ட வேண்டும். இந்தக் கட்டுரையில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

காரணம் எளிது. பல்லில் படிகிற ஊத்தை வெறும் சாப்பாட்டுத் துகள் அல்ல. அது கிருமிகள் சேர்ந்து கட்டிய மெல்லிய படலம். நாம் சாப்பிடும் சீனியையும் மாப்பொருளையும் அந்தக் கிருமிகள் தின்று அமிலத்தை விடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. பகலில் உமிழ்நீர் ஊறிக்கொண்டே இருப்பதால் அமிலம் கழுவப்படும், கரைந்த இடமும் ஓரளவுக்குத் திரும்ப இறுகும். நித்திரையில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும். புட்டும் சம்பலும் சாப்பிட்டு, சீனி போட்ட தேத்தண்ணி குடித்து அப்படியே படுத்தால், கிருமிகளுக்கு ஏழெட்டு மணித்தியாலம் தடையே இல்லை.

புதிதாகக் குடும்பம் தொடங்கியவர்கள், முதல் பிள்ளை பெற்ற தாய்மார், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து இங்கே கிணற்றுத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியிருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் வாங்க வேண்டியவை

ஒரு பிரஷ், ஒரு பற்பசை. அவ்வளவுதான். பிரஷ் மென்மையான நார் உள்ளதாக இருக்கட்டும். கடைக்காரர் ‘நல்ல கடினமானது, ஊத்தை போகும்’ என்று தந்தால் வாங்காதீர்கள். கடின நார் முரசை (பல் ஈறை) தேய்த்து இறக்கும், பல்லின் கழுத்தில் பள்ளம் விழுத்தும், பிறகு குளிர்தண்ணி பட்டாலே கூசும். தலைப்பகுதி சிறியதாக இருந்தால்தான் கடைசிக் கொடுப்புப் பல் (கடைவாய்ப் பல்) வரை போகும்.

பசையில் பார்க்க வேண்டியது புளோரைட். ரியூப்பின் பின்பக்கத்தில் அதன் அளவு பிபிஎம் (பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு) என்ற கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். பெரியவர்களுக்கு 1000 முதல் 1500 வரை இருந்தால் போதும். விலை கூடிய பசை பல்லைக் கூடுதலாகக் காக்கும் என்று இல்லை. மூலிகைப் பசை விருப்பமென்றால் அதிலும் புளோரைட் உள்ளதைத் தேடி எடுங்கள்.

ஆளுக்கொரு பிரஷ் வேண்டும். கூரைக் கிடுகில் செருகி வைத்தால் பல்லியும் கரப்பானும் ஏறி இறங்கும். ஒரு கப்பில் நார் மேலே இருக்கும்படி நிமிர்த்தி, காற்றுப் படும் இடத்தில் காய விடுங்கள். நார் விரிந்து கோணினாலோ மூன்று மாதம் கடந்தாலோ மாற்றுங்கள்.

தீட்டும் முறை

அவசரமாக முன்பல்லில் நாலு இழுவை இழுத்துக் கொப்புளிப்பதுதான் நம்மில் பலரின் தீட்டல். சூத்தை தொடங்குவதோ பெரும்பாலும் பின்னால், கொடுப்புப் பற்களில். ஆகவே பின்னாலிருந்து தொடங்குங்கள்.

கீழ்க் கொடுப்பின் உட்புறம், அதாவது நாக்குப் பக்கம், எப்போதும் தவறிப்போகும் இடம். முதல் வேலையாக அங்கே பிரஷை வையுங்கள். நார் பல்லில் நேராகக் குத்தி நிற்கக் கூடாது. முரசும் பல்லும் சேரும் கோட்டை நோக்கி அரைவாசி சரிந்து நிற்க வேண்டும். அந்தக் கோட்டில்தான் ஊத்தை ஒளிந்திருக்கும். இரண்டு மூன்று பல்லுக்கு ஒரு தடவை, அழுத்தாமல், சின்னச் சின்ன அசைவாக அசைத்து அடுத்த பற்களுக்கு நகருங்கள். நீட்டி இழுத்துத் தேய்க்க வேண்டாம். பிரஷை முட்டியாகப் பிடிக்காமல் பேனா பிடிப்பதுபோல் விரல்களால் பிடித்தால் அழுத்தம் தானே குறையும்.

கீழே உட்புறம் முடிந்தால் வெளிப்புறம், பிறகு மேலே அதே ஒழுங்கு. முன்பற்களின் உட்புறத்துக்குப் பிரஷை நெட்டாகத் திருப்பி, அதன் முனையால் மேலும் கீழும் அசையுங்கள். காறை கட்டிப் பலருக்கு மஞ்சளாகத் தெரிவது கீழ் முன்பற்களின் இந்த உட்புறம்தான். உமிழ்நீர்ச் சுரப்பி அதற்கு அருகே திறப்பதால் அங்கே ஊத்தை விரைவில் இறுகிக் கல்லாகிறது. ‘எங்கட கிணறு கல்நீர், அதுதான் பல்லில கல் பிடிக்குது’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். காறைக்குச் சுண்ணாம்பு நம் உமிழ்நீரிலிருந்தே வருகிறது, கிணற்றிலிருந்து அல்ல. ஊத்தையை அன்றன்றைக்கு எடுத்துவிட்டால் காறை கட்ட ஒன்றும் மிஞ்சாது. ஒருதரம் கட்டிவிட்டால் பிரஷால் போகாது, பல் வைத்தியர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். ஊசியாலோ பிளேட்டாலோ நீங்களே சுரண்டாதீர்கள்.

கடைசியாகச் சப்பும் மேற்பரப்பை முன்னும் பின்னும் தேயுங்கள். அங்கே மட்டும் அப்படித் தேய்க்கலாம். பிறகு நாக்கை மெல்ல வழியுங்கள், வாய் மணம் பெரும்பாலும் நாக்கின் பின்புறத்திலிருந்தே வருகிறது. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் எடுக்க வேண்டும். ஒருநாள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு தீட்டிப் பாருங்கள், இரண்டு நிமிடம் நாம் நினைப்பதை விட நீளமானது.

முடிந்ததும் நுரையை நன்றாகத் துப்புங்கள். வாளித் தண்ணீரில் அள்ளி அள்ளிக் கொப்புளிக்க வேண்டாம். துப்பிய பிறகு பல்லில் ஒட்டியிருக்கும் சிறிது பசைதான் இரவெல்லாம் வேலை செய்யும் புளோரைட். பழகும் வரை கஷ்டமாக இருக்கும். அதுவரை கொப்புளிக்கும் தண்ணீரின் அளவையாவது குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கிழமை முரசிலிருந்து இரத்தம் வரலாம். பலர் இதைக் கண்டு பயந்து தீட்டுவதையே விட்டுவிடுகிறார்கள். இரத்தம் வருவது அங்கே ஊத்தை தேங்கி முரசு வீங்கியிருப்பதால். மென்மையாகத் தொடர்ந்து தீட்டினால் ஒன்றிரண்டு கிழமையில் குறையும். குறையாவிட்டால், அல்லது பல் ஆடினால், முரசு கரையத் தொடங்கியிருக்கும், பல் வைத்தியரிடம் போங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு முரசு நோய் விரைவாக முற்றும். முரசில் அழற்சி இருந்தால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பல்லிடுக்குக்குப் பிரஷ் போகாது. நகரப் பார்மசிகளில் பல்லிடுக்கு நூல் கிடைக்கும். வாங்க முடிந்தால் இரவில் ஒருதரம், பல்லை ஒட்டி வளைத்து மேலும் கீழும் இழுங்கள். தையல் நூலும் ஈர்க்கும் வேண்டாம், முரசை வெட்டும்.

கரி, குச்சி, உப்பு

அம்மம்மா காலத்திலிருந்து வந்தவற்றை நான் இளக்காரமாகச் சொல்லப்போவதில்லை. வேப்பங்குச்சியை நன்றாகச் சப்பி, நுனியை நாராக்கி, மெதுவாகத் தீட்டினால் ஊத்தை ஓரளவு போகும். ஆனால் கொடுப்பின் உட்புறத்துக்கு அது எட்டாது, புளோரைட்டும் கிடைக்காது. குச்சி பிடித்தவர்கள் காலையில் குச்சியும் இரவில் பிரஷும் பசையும் என்று வைத்துக்கொள்ளலாம்.

உமிக்கரியும் செங்கல் தூளும் அப்படியல்ல. பல்லை வெள்ளையாக்குவதுபோல் தெரியும், உண்மையில் அவை மேற்பூச்சை உராய்ந்து எடுக்கின்றன. அந்தப் பூச்சு திரும்ப வளராது. அது தேயத் தேய உள்ளிருக்கும் மஞ்சள் அடுக்குத் தெரியவந்து, பல் இன்னும் மங்கும். தேசிக்காயும் உப்பும் சேர்த்துத் தேய்ப்பது எல்லாவற்றிலும் மோசம்: புளி கரைக்கும், உப்பு உராயும்.

உங்கள் கிணறு

வன்னியில் பல்லைப் பற்றிப் பேசினால் தண்ணீரைப் பற்றியும் பேசியாக வேண்டும். உலர் வலயத்தின் பாறைகளிலிருந்து நிலத்தடி நீருக்குள் புளோரைட் கரைந்து வருகிறது. வவுனியா மாவட்டத்தில் இது நெடுங்காலமாக அறியப்பட்ட பிரச்சினை. மற்ற இடங்களில் ஊருக்கு ஊர், கிணற்றுக்குக் கிணறு மாறும். ஆழமான குழாய்க் கிணறுகளில் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். நிறமோ மணமோ சுவையோ கிடையாது, பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பசையில் நல்லதென்று சொன்ன அதே புளோரைட் தண்ணீரில் ஏன் கெட்டது என்று கேட்பீர்கள். பசை பல்லின் மேல் பட்டுத் துப்பப்படுகிறது. தண்ணீர் உடம்புக்குள் போகிறது. முரசுக்குள் பல் உருவாகும் வயதில், பிறப்பிலிருந்து ஏறத்தாழ எட்டு வயது வரை, அதிக புளோரைட் உள்ளே போனால் வரப்போகும் நிரந்தரப் பற்களில் வெள்ளைக் கோடும் திட்டும் விழும். கூடினால் கபில நிறக் கறையும் குழியும் ஏற்படும். இலங்கையின் குடிநீர்த் தர அளவு லீற்றருக்கு 1 மில்லிகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 1.5 மில்லிகிராம். நாம் வெயிலில் வேலை செய்து அதிகம் தண்ணீர் குடிக்கிறவர்கள், நம் எல்லை குறைவாக இருப்பது சரிதான்.

செய்ய வேண்டியது இது. வீட்டில் சின்னப் பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தால், பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பிரதேச அலுவலகத்திலோ கிணற்று நீரைச் சோதிக்கும் வழியைக் கேளுங்கள். அளவு கூடுதலென்றால் குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் எடுங்கள். சிறுநீரக நோய்க்குப் பயந்து பல ஊர்களில் ஆர்.ஓ. (நுண்சவ்வின் ஊடாகத் தண்ணீரை அழுத்தி வடிக்கும்) சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன, அந்த முறை புளோரைட்டையும் நீக்கும். மாரி மழையில் சுத்தமான கூரையிலிருந்து தாங்கியில் பிடித்த மழைநீரில் புளோரைட் இல்லையென்றே சொல்லலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் புளோரைட் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். தாய்ப்பாலில் புளோரைட் மிகக் குறைவு. பால்மா கரைத்துக் கொடுக்கிறவர்கள்தான் எந்தத் தண்ணீரில் கரைக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

குளிக்க, உடுப்புத் தோய்க்க, வாய் கொப்புளித்துத் துப்ப அதே கிணறு போதும்.

பல்லில் கறையுள்ள பிள்ளையை ‘ஊத்தைப் பல்’ என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்வதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்காது. சிரிக்கும்போது வாயைப் பொத்தும் பிள்ளைகள் இங்கே எத்தனை பேர்! அது பிள்ளையின் அசுத்தமல்ல, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஆசிரியர்கள் இதை வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லிக்கொடுங்கள். வளர்ந்த பிறகு முன்பற்களின் தோற்றத்தைப் பல் வைத்தியர் சீர்செய்யலாம்.

பிள்ளைகளின் பல்

பல் முளைக்க முன்னரே, பால் குடித்த பிறகு சுத்தமான ஈரத் துணியால் முரசைத் துடைத்துப் பழக்குங்கள். முதல் பல் ஏறத்தாழ ஆறு மாதத்தில் வரும். அன்றிலிருந்து சின்னப் பிரஷ். மூன்று வயது வரை பசை ஓர் அரிசிமணி அளவு, பிறகு ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. பசையை விழுங்கவிடக் கூடாது. கிணற்றில் புளோரைட் கூடுதலென்று தெரிந்தால், சின்னப் பிள்ளைக்கு எந்தப் பசை என்று பல் சிகிச்சை நிலையத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஏழெட்டு வயது வரை பிள்ளையின் கைக்கு ஒழுங்காகத் தீட்ட வராது. அவர் தீட்டி முடிய நீங்கள் ஒருதரம் தீட்டிவிட வேண்டும். பிள்ளையின் தலையை உங்கள் மடியில் மல்லாக்க வைத்து, ரோர்ச் வெளிச்சத்தில் தீட்டினால் உள்ளே எல்லாம் தெரியும்.

பால்போத்தலை வாயில் வைத்தபடி நித்திரையாக்காதீர்கள். மேல் முன்பற்கள் நாலும் கறுத்துக் கரைந்துபோன பிள்ளைகளில் பலருக்கு அதுதான் காரணம். ‘விழப்போற பல்தானே’ என்று விடவும் வேண்டாம். பால்பல் பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. முன்னதாகவே போனால் புதுப்பல் கோணலாக வரும்.

ஆறு வயதைக் கவனமாகப் பாருங்கள். அந்த வயதில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமல் புதிதாக ஒரு கொடுப்புப் பல் முளைக்கும். ஒன்றும் விழாததால் பெற்றோர் அதையும் பால்பல்லென்றே நினைத்துவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுவதற்குமான பல், விழுந்து முளைக்காது. மேற்பரப்பில் ஆழமான வரிகள் இருப்பதால் முதலில் சூத்தையாவதும் அதுதான். முளைக்கும்போது மற்றப் பற்களை விடத் தாழ்ந்திருக்கும். பிரஷைக் கன்னப் பக்கமிருந்து குறுக்காக வைத்தால்தான் அதைத் தொடும். பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்களில் சிகிச்சையாளர்கள் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பல் பார்க்கிறார்கள். அந்தப் பல்லின் வரிகளை அடைத்துப் பூச்சுப் போட முடியுமா என்று கேளுங்கள். பன்னிரண்டு வயதளவில் அதற்குப் பின்னால் இன்னொன்று அதே விதமாக வரும்.

தேத்தண்ணியும் பனங்கட்டியும்

எவ்வளவு சீனி என்பதை விட, எத்தனை தரம் என்பது முக்கியம். ஒவ்வொரு தரம் இனிப்புப் பட்டதும் வாயில் அமிலம் கூடி, அடங்க ஏறத்தாழ அரை மணித்தியாலம் எடுக்கும். பனங்கட்டி சீனியை விட உடம்புக்கு நல்லதென்று சொல்வார்கள், பல்லுக்கு இரண்டும் ஒன்றே. பனங்கட்டியைக் கடித்துக் கடித்து வெறுந்தேத்தண்ணி உறிஞ்சுவதில் இனிப்பு நீண்ட நேரம் வாயில் நிற்கும்.

யானைக் காவலுக்கு வயல் கொட்டிலில் இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் சுடுதண்ணிப் போத்தலில் சீனித் தேத்தண்ணியோடு போவார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள்: காவல் இரவுத் தேத்தண்ணியைச் சீனியில்லாமல் பழகுங்கள், ஒரு பிரஷைக் கொட்டிலிலும் வையுங்கள்.

பிள்ளைகளுக்கு ரொபி, பிஸ்கற் எல்லாம் சாப்பாட்டோடு ஒரே நேரத்தில் கொடுத்துவிடுங்கள், நாள் முழுக்க வேண்டாம். பாலைப்பழமும் நாவற்பழமும் தாராளமாகச் சாப்பிடட்டும், பிறகு தண்ணீரால் கொப்புளித்தால் போதும். தேசிக்காய்த் தண்ணி, சோடா, தோடம்பழம் போன்ற புளிப்புகளுக்குப் பிறகு அரை மணித்தியாலமாவது விட்டுத் தீட்டுங்கள். புளியில் இளகிய மேற்பூச்சு பிரஷ் பட்டால் தேயும்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு

இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று. வெற்றிலையோடு சேரும் புகையிலை மட்டுமல்ல, பாக்கும் தனியாகவே புற்றை உண்டாக்கும். ஆகவே ‘நான் புகையிலை போடுறதில்லை’ என்பது முழுப் பாதுகாப்பல்ல. நிற்பாட்டுங்கள். உடனே முடியாவிட்டால் முதலில் புகையிலையை விடுங்கள், கன்னத்தில் அடக்கிக்கொண்டு நித்திரை கொள்வதை இன்றே விடுங்கள்.

மாதம் ஒருதரம் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள்: இரு கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி. வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு கிழமையாகியும் ஆறாத புண், உறைப்புப் பட்டால் எரிவு, முன்னர்போல் வாய் திறக்க முடியாமை, இதில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். நோகவில்லையே என்று நினைக்க வேண்டாம், இது தொடக்கத்தில் நோகாது.

பல் நொந்தால்

வெதுவெதுப்பான ஒரு கப் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கொப்புளியுங்கள். பெரியவர்கள் பனடோல் இரண்டு குளிசை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் எடுக்கலாம், நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். குளிசையை விழுங்குங்கள், பல்லுக்குள் வைத்தால் முரசு வெந்துவிடும். கராம்பெண்ணெய் பஞ்சில் ஒரு சொட்டுத் தொட்டுப் பல்லின் குழியில் மட்டும் வைக்கலாம். புகையிலை வைப்பதும் பார்மசியில் சொல்லி அன்ரிபயோற்றிக் வாங்குவதும் வேண்டாம்.

சில நாள் துடித்த பல் திடீரென்று நோகாமல் விட்டால் சுகமாகிவிட்டதென்று நினைப்போம். பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்திருக்கும், கிருமி வேருக்கு அடியில் சேரத் தொடங்கும். அந்த நேரம்தான் வைத்தியரிடம் போக வேண்டிய நேரம்.

முகம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, விழுங்கவோ வாய் திறக்கவோ மூச்சுவிடவோ கஷ்டமென்றால் விடியும் வரை பார்க்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

விழுந்தோ அடிபட்டோ நிரந்தரப் பல் முழுதாகக் கழன்றால், வேரைத் தொடாமல் மேற்பகுதியில் பிடித்து எடுங்கள். மண் இருந்தால் பாலால் அலசி, தேய்க்காமல், உடனே அதே குழியில் வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு ஓடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் பல் வைத்தியரிடம் சேர்ந்தால் திரும்பப் பிடிக்க வாய்ப்புண்டு. பால்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது.

வைத்தியசாலைக்குப் போகும்போது

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளில் பல் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. மல்லாவி, புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள ஆதார வைத்தியசாலையில் பல் வைத்தியர் எந்த நாளில் பார்க்கிறார் என்று முதலே விசாரியுங்கள், ஒருநாள் கூலி வீணாகாது. அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்குப் போகும்போதே பல் பரிசோதனையையும் கேளுங்கள். கர்ப்ப காலத்தில் முரசு இலகுவில் வீங்கும், சிகிச்சைக்குப் பயப்படத் தேவையில்லை.

மேல்பல்லைக் கழற்றினால் கண்பார்வை போகும் என்ற கதையை நம்பிச் சூத்தைப் பல்லோடு வருடக்கணக்காகக் கஷ்டப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பல்லின் நரம்புக்கும் பார்வை நரம்புக்கும் தொடர்பில்லை.

பல் கழற்றப் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறுவயிற்றில் ஊசி போட்டால் தலைசுற்றும். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். பிரஷர், சீனி, இருதய வருத்தம், இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் குளிசை, எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், குளிசையை நீங்களாக நிற்பாட்டாதீர்கள். கழற்றிய பிறகு பஞ்சை அரை மணித்தியாலம் இறுகக் கடித்திருங்கள். அன்றைக்குக் கொப்புளிப்பதும் அடிக்கடி துப்புவதும் வேண்டாம், வெற்றிலை, சுருட்டு, சாராயம் எதுவும் வேண்டாம். குழியில் கட்டிய இரத்தக் கட்டி கழன்றால் இரண்டாம் மூன்றாம் நாள் தாங்க முடியாத நோ வரும். மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீரால் மெதுவாக அலசலாம். அன்றிரவும் மற்றப் பற்களைத் தீட்டுங்கள், கழற்றிய இடத்தை மட்டும் தொடாதீர்கள்.